‘ஒத்துக்காது’ என்று சொல்வதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஹிஸ்டமின் என்பது உடம்பில் இருக்கும் விஷமாம். தக்காளி, கத்திரிக்காய், கீரை, தயிர், ஊறுகாய், கருவாடு, புளித்த மாவு என்று விலக்க வேண்டியவை ஒரு முழப் பட்டியல். ஐந்தாறு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். என் தங்கை மகள் இதைப் போன்ற ஒன்றை முன்பே படித்துவிட்டு, இட்லி, தயிர், தக்காளி மூன்றையும் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறதாம். “தலைவலி குறைஞ்சுதாம்மா?” என்று கேட்டேன். “அப்படியேதான் இருக்கு மாமா. ஆனா இப்ப எதைச் சாப்பிடவும் பயமா இருக்கு” என்றாள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ஆனால் ஹிஸ்டமினை விஷம் என்று சொன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நம் பள்ளிக்கூடத்து மணி ஞாபகம் இருக்கிறதா? வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. பிரார்த்தனைக்கும் அதே மணி, சாப்பாட்டுக்கும் அதே மணி. ஒரே சத்தம்தான், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து வேலை மாறும். சத்துணவு அம்மா அண்டாவைத் திறப்பார், நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், நான் சாக்பீஸைக் கீழே வைப்பேன்.

ஹிஸ்டமின் அப்படி ஒரு மணி. நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே அதைத் தயாரிக்கிறது. தோலிலும் மூக்கிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் அதைச் சேமித்து வைத்திருக்கின்றன. அதன் சத்தத்தைக் கேட்க நான்கு வகை ஏற்பிகள் உண்டு. தோலிலும் ரத்தக் குழாயிலும் கேட்டால் அரிப்பு, வீக்கம், சிவப்பு. இரைப்பையில் கேட்டால் அமிலம் சுரக்கும். மூளையில் கேட்டால் விழிப்பு வரும். சளிக்கு அவில் மாத்திரை போட்டால் தூக்கம் வருவது இதனால்தான். அந்தப் பழைய வகை மருந்து மூளைக்குள்ளும் போய் அங்கே மணிச் சத்தம் கேட்காமல் அடைத்துவிடுகிறது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி திறந்த டேனியல் போவே 1957-லும், அமிலச் சுரப்புக்கான ஏற்பியை அடைக்கும் மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-லும் நோபல் பரிசு பெற்றார்கள். உடம்புக்கு இவ்வளவு வேலை செய்யும் பொருளை விஷம் என்பது நியாயமா?

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் ஓடி வந்தான். முகமெல்லாம் சிவந்து, கழுத்தில் தடிப்பு, தலை வெடிக்கிறது என்று அழுதான். வீட்டிலிருந்து சூரை மீன் குழம்பு கொண்டு வந்திருந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சைக்கிளில் கூட்டிப் போனேன். ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. அவன் டப்பாவிலிருந்து பங்கு போட்டுச் சாப்பிட்ட பக்கத்துப் பையனுக்கும் முகம் லேசாகச் சிவந்திருந்தது. வெயிலில் விளையாடியிருப்பான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அந்தத் தாயிடம் போய், “உங்க பையனுக்கு மீன் ஒத்துக்காதும்மா, இனிமே குடுக்காதீங்க” என்றேன். வாத்தியார் சொன்னால் வேதவாக்கு என்று நினைத்த காலம்.

போன மாதம் அவன் தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்க வந்தான். கறி விருந்து பற்றிப் பேச்சு வந்தபோது, “எனக்கு மீன் ஆகாதே சார், நீங்கதானே சொன்னீங்க. பாப்பாவுக்கும் குடுக்கறதில்ல” என்றான். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் நிறைய உண்டு. பிடித்ததிலிருந்து ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், ஃப்ரீஸரில் போட்டாலும் அது போகாது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், வாயில் மிளகு கடித்தது போல எரியும். பார்த்தால் அலர்ஜி மாதிரியே இருக்கும். ஆனால் அது கெட்டுப்போன மீனின் நஞ்சு. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமினுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் சர்வதேச உணவுத் தரம் சொல்வது இதற்காகத்தான்.

உண்மையான அலர்ஜி ஆளைப் பொறுத்தது. ஒரு துணுக்கு மீன் பட்டாலும், எவ்வளவு புதிய மீனானாலும் வரும். மீன் நஞ்சு, அதே சட்டியில் சாப்பிட்டவர்களில் பலருக்கும் வரும். அன்று பக்கத்துப் பையனின் முகத்தைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காமல் போனேன். அந்த மீன் காலையில் வாங்கியதா, முந்தின நாளதா என்றும் கேட்கவில்லை.

அவனுக்கு உண்மையிலேயே அலர்ஜிதானா, இல்லையா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அதனால் “இனிமே சாப்பிடுப்பா” என்றும் நான் சொல்லவில்லை. அது முதல் தவறைவிடப் பெரிய தவறாகிவிடும். ஒவ்வாமை மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். போவதாகச் சொல்லியிருக்கிறான். முடிவு எதுவானாலும், கேட்காமல் தீர்ப்புச் சொன்னது என் தவறுதான்.

என் தங்கை மகள் விஷயமும் இதேதான். ஹிஸ்டமின் சகிப்பின்மை என்று மருத்துவர்கள் பேசுவது உண்டு. உணவில் வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைக்க டி.ஏ.ஓ. என்ற நொதி இருக்கிறது. அது குறைவாக இருப்பவர்களுக்குத் தலைவலி, வயிற்று உப்புசம், அரிப்பு, மூக்கொழுகல் வரலாம் என்பது கருத்து. ஆனால் இதை உறுதியாகக் காட்டும் ஒற்றைப் பரிசோதனை இன்னும் இல்லை. ரத்தத்தில் அந்த நொதியை அளந்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. இணையத்தில் உலவும் பட்டியல்களோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. முறையான வழி வேறு. முதலில் மருத்துவர் மற்ற நோய்கள் இல்லை என்று பார்க்க வேண்டும். என்ன சாப்பிட்டோம், எப்போது என்ன ஆனது என்று நோட்டில் எழுத வேண்டும். சில வாரம் மட்டும் குறிப்பிட்ட உணவுகளைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தத் திரும்பச் சேர்ப்பதைத்தான் வாட்ஸ்அப் பட்டியல் சொல்வதே இல்லை. நிறுத்தச் சொல்வது சுலபம். ஆறு மாதமாக நிறுத்தியும் தலைவலி குறையவில்லை என்றால், பட்டியலைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையாவது சாப்பிட்டபின் மூச்சுத் திணறல், தொண்டை அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் உடனே 108. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. செட்ரிசின் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மற்றபடி, ஒரு குழந்தையைப் பார்த்து ‘இவனுக்கு இது ஒத்துக்காது’ என்று சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சாப்பிட்டான்? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது? கூடச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆனது? பதிலை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாம் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் சுமக்கிறார்கள்.

என்னிடம் படித்த வேறு யாருக்காவது நான் இப்படி ஏதேனும் சொல்லியிருந்தால், கூச்சப்படாமல் எழுதுங்கள். திருத்திக்கொள்ள இந்த வாத்தியாருக்கு வயதாகிவிடவில்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்