புது வீடா, பழைய வீடா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியுமாகப் போன வாரம் நம்மைப் பார்க்க வந்தார்கள். பால்மரக் காட்டிலும் பிறகு செம்பனையிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர்கள். அடுத்த வருடம் அவருக்கு 60. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். "தலைவரே, மகன் ஈப்போவுல புது தாமான்ல வீடு வாங்கலாங்கிறான். இவ, சிம்மோர்ல ஒரு பழைய வீடு வெலைக்கு வருது, அதான் வேணுங்கிறா. எதுல காசப் போடுறது?"

கேட்பவர்கள் இவர்கள் மட்டுமல்ல. அன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே நம் ஜனங்கள் வேலையோடு கூரையையும் சேர்த்து இழந்தார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைக் கண்டுதான். தோட்டத்து வீடு என்றைக்கும் நம் வீடு அல்ல. சேமநிதிப் பணமோ ஒருமுறைதான் கைக்கு வரும்.

புது வீடு என்றால் மாதிரி வீட்டைக் காட்டுவார்கள். திரைச்சீலை, சோபா எல்லாம் இருக்கும். (அந்தச் சோபா உங்களுக்கு வராது!) ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து தரைவீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் தவணை. வீடு எழும்ப எழும்ப வங்கி கட்டம் கட்டமாகப் பணம் விடும். விட்ட தொகைக்கு அப்போதே வட்டி ஓடும். தோட்டத்தை விட்டு வந்தவர் அதோடு வாடகையும் கட்ட வேண்டும். தாமதமானால் விலையில் வருடத்துக்கு 10 விழுக்காடு நஷ்டஈடு சட்டப்படி உண்டு. ஆனால் மேம்பாட்டாளர் பாதியில் கைவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே லைசென்சும் விளம்பரப் பெர்மிட்டும் இருக்கிறதா என்று வீடமைப்பு அமைச்சில் விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: சாவி வாங்கி 24 மாதத்துக்குள் வெடிப்போ ஒழுக்கோ கண்டால் எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் அவர்கள் செலவிலேயே சரி செய்தாக வேண்டும்.

பழைய வீட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தாலும் உங்கள் தலையில்தான். மழை நாளில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் பேச்சுக் கொடுங்கள். வீட்டு வரி, நில வரி, தண்ணீர்ப் பாக்கி எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். கேட்கும் விலை 180,000 வெள்ளி, வங்கி மதிப்பு 160,000 என்றால், 90 விழுக்காட்டுக் கடன் 144,000தான். மீதி 36,000 உங்கள் கையிலிருந்து. வக்கீல் கூலி தனி.

இதையெல்லாம் விடப் பெரிது கெரான், அதாவது நிலப்பட்டா. மலாய் ஒதுக்கீட்டு நிலமானால் அது நம் பெயருக்கு மாறாது. குத்தகை நிலமானால் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள்; பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதமும் தேவைப்படலாம். வெறும் கடுதாசியில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் படும் பாட்டை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

நம்மைக் கேட்டால், வேலை முடிந்து வெளியேறுகிறவருக்கு, பட்டா சுத்தமாக இருந்தால், நிற்கிற வீடே மேல். சம்பளம் வாங்குகிற மகன் இரண்டு வருடம் காத்திருக்கலாம். அப்பனால் முடியாது.

சிம்மோர் வீட்டுக்குக் கெரான் இருக்கிறதா என்று கேட்டோம். "ஏதோ கடுதாசி இருக்குன்னு சொன்னாங்கய்யா" என்றார் அந்த அம்மாள். என்ன கடுதாசி என்று பார்க்க, திங்கட்கிழமை நில அலுவலகத்துக்கு அவர்களோடு நாமும் போகிறோம்.