குளிர் தெரியாமலும் காலை விடாதே!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அதனுடன் "குளிர் தெரியாமலும் காலை விடாதே" என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் வகுப்புத் தோழியின் பெரியம்மா குடும்பம் கனடாவில் வாழ்கிறது. 2024 ஜூன் மாதம் அவர்கள் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள சுப்பீரியர் ஏரிப் பூங்காவிற்குச் சென்றார்கள். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. அதன் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 400 மீட்டரையும் தாண்டும். அகவா விரிகுடாவின் மணற்கரையில் நல்ல வெயில். தம்பியின் பந்தைக் காற்று ஏரிக்குள் அடித்துச் சென்றது. பள்ளி நீச்சற்குளத்தில் நன்றாக நீந்தும் அண்ணன் உடனே பாய்ந்தான். பாய்ந்தவனுக்கு மூச்சு அடைத்தது. வாய் திறந்தும் குரல் எழவில்லை. அருகில் நின்ற பெரியப்பா நீண்ட துண்டை வீசி அவனைக் கரைக்கு இழுத்தார். பந்து போனது, பிள்ளை வந்தான்!

நீந்தத் தெரிந்தவனுக்கே ஏன் இந்த நிலை? எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். கோடை வெயில் கரையைச் சுட்டாலும், அத்தனை பெரிய ஏரி சூடாகப் பல வாரங்கள் ஆகும். 15 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த நீரில் உடல் திடீரென மூழ்கினால், நம்மை அறியாமலே மூச்சை உள்ளே இழுக்கிறோம். அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் என்ன ஆகும்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கார்டன் கீஸ்பிரெக்ட் இதனை "1-10-1" என்று கற்பிக்கிறார். மூச்சு சீராவதற்கு 1 நிமிடம். கைகால்கள் பயன்படுவது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். ஆகவே உறைந்து போவதற்கு வெகு முன்னரே, முதல் நிமிடத்திலேயே ஆபத்து வந்துவிடுகிறது.

அப்படியானால் நீரே வேண்டாமா? வேண்டும், தோழியரே! ஆனால் பாயாமல், படிப்படியாக இறங்க வேண்டும். தவறி விழுந்தால் பதறி நீந்தாமல், மூச்சு சீராகும் வரை மல்லாந்து மிதக்க வேண்டும். சிறுவர்கள் கைக்கெட்டும் தூரத்தில், மிதவைச் சட்டையுடன் இருக்க வேண்டும். கரையிலிருந்து ஏரி நோக்கிக் காற்று வீசும்போது காற்றடைத்த மிதவைகள் கூடவே கூடாது. தத்தளிப்பவரைக் காப்பாற்றக் குதிக்காமல், கயிறோ துண்டோ வீச வேண்டும்.

"அரசாங்கம் காவலர்களை நிறுத்தக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களின் கடற்கரை போன்ற அம்மணற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இல்லை. நிறுத்தினால் நல்லதுதான். ஆனால் மைல்கணக்கில் நீளும் கரையில் அடிக்கொருவரை நிறுத்த முடியுமா? தம் பிள்ளைக்குப் பெற்றோரே முதற் காவலர்.

இன்னொன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது. பெரியம்மாவுக்கு நீச்சல் தெரியாது. "நான் கரையில் நின்று கத்தத்தான் முடிந்தது" என்று சொல்லி அழுதாராம். "பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று அவரது சிறுவயதில் வீட்டில் மறுத்துவிட்டார்களாம். அந்தக் கேள்வி நம் வீடுகளில் இன்றும் கேட்கிறது அல்லவா? நாளை தாயாகப் போகிறவர்கள் நாங்களே. கரையில் நின்று கத்துபவர்களாகவா எங்களை வளர்க்க வேண்டும்?

நீச்சல் மட்டும் தெரிந்த அண்ணனுக்கு மூச்சடைத்தது. நீச்சலே தெரியாத பெரியம்மா செயலற்று நின்றார். ஆகவே பயிற்சியும் வேண்டும், நீரின் குணத்தை அறியும் அறிவும் வேண்டும். பெற்றோரே, எங்களுக்கு இரண்டையும் தாருங்கள். பயந்து விலகவும் மாட்டோம், பாய்ந்து மடியவும் மாட்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி