பாதியில் நின்ற பட்டப்படிப்பும் பாதியில் நிற்கும் உதவித்தொகையும்

கல்லூரியை இடையில் விட்டவர்கள் எந்த வயதில் திரும்பி வந்தாலும், பள்ளி முடித்த கையோடு சேருபவருக்குக் கிடைக்கும் அரசு உதவி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். தொலைநிலைக் கல்வி, மாலை நேரக் கல்லூரி, அரியர் எழுதி முடிப்பது என எந்த வழியில் வந்தாலும் சரி. இதுவே இந்த அமைப்பின் நிலைப்பாடு.

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 2021–22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 சதவீதம். பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அது 18 முதல் 23 வயதுள்ளோர் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்துப் போடப்படுவது. சேர்ந்தவர்களைச் சொல்கிறது, முடித்தவர்களைச் சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டில் திருமணமாகிப் போன பெண், அப்பா படுத்த படுக்கையானதும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன பையன், நான்கு அரியர்களோடு வெளியேறியவர் ஆகியோர் முப்பது வயதில் எந்தக் கணக்கிலும் இல்லை.

உதவித் திட்டங்களும் அந்த 18–23 வயதையே மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1,000 தருகின்றன. ஏராளமான குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் படிப்பு இடைநிற்காமல் தொடரும்வரைதான் அந்தப் பணம் வரும். அஞ்சல்வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்போருக்கு அது கிடையாது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்துவிட்டது. பட்டம் சமம்; உதவி மட்டும் சமமில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு, தேர்வு நாட்களில் இழக்கும் கூலி. அதற்கு மேல் பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்.

படிப்பை இடையில் விட்டவர்களுக்கு அரசு உதவுவதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2017இல் சட்டம் இயற்றி, 2018 முதல் ‘டென்னசி ரீகனெக்ட்’ திட்டத்தை நடத்துகிறது. பட்டம் பெறாத பெரியவர்கள் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தால், மற்ற மானியங்கள் போக மீதமுள்ள கல்விக் கட்டணத்தை மாநிலம் ஏற்கிறது. பகுதிநேரமாகப் படித்தாலும் போதும். மிச்சிகன் 2021இல் இதே வழிக்கு வந்தது. அம்மாநிலத்தின் டெட்ராய்ட் நகரிலுள்ள வேன் ஸ்டேட் பல்கலைக்கழகம், 1,500 டாலர் வரை கட்டணப் பாக்கியோடு நின்றுபோனவர்களைத் திரும்ப அழைத்தது. அவர்கள் படிப்பைத் தொடரத் தொடரப் பாக்கியைப் படிப்படியாகத் தள்ளுபடி செய்தது.

டென்னசி திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. கட்டணத்தை ஏற்கும் அது, புத்தகச் செலவையும் பயணச் செலவையும் மாணவரிடமே விட்டுவிடுகிறது. இங்கே அந்தக் குறை வரக் கூடாது.

“இருக்கும் நிதி புதிதாக வருபவர்களுக்கே போதாதே” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு ஆண்டு படித்து நின்றவருக்காக அரசும் குடும்பமும் ஏற்கெனவே செலவழித்துவிட்டன. மிச்சமிருக்கும் ஓர் ஆண்டுக்கோ, சில தாள்களுக்கோ உதவாவிட்டால் அந்தச் செலவுக்கும் பலனில்லை.

ஆகவே இந்த அமைப்பு அரசிடம் கேட்பவை:

1. மாத உதவித்தொகைத் திட்டங்களில் இடைநிற்றல் நிபந்தனையைத் தளர்த்தி, தொலைநிலை, மாலை நேர மாணவர்களையும் சேர்க்க வேண்டும்.

2. அரியர் எழுத வருபவரின் குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் தேர்வுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

3. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்ற மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். பழைய பாக்கியைத் தவணையில் கட்டவும், படிப்பை முடித்தால் தள்ளுபடி பெறவும் வழி வேண்டும்.

4. தொலைநிலைக் கல்வியின் தொடர்பு வகுப்பு நடக்கும் மையங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும்.

5. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னிடம் சேர்ந்து முடிக்காமல் போனவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு எவ்வளவு நிதி என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட முடியும். எனவே இந்தக் கோரிக்கையை முதலில் நிறைவேற்ற வேண்டும்.