குளிர்சாதனப் பெட்டியில் விடிந்த விடியல்

அண்மையில் கொழும்பில் ஓர் ஒளிப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பக்கச் சுவர் முழுவதும் பூச்சிகள். வாசற்கதவின் அகலத்துக்குப் பெருப்பிக்கப்பட்ட ஈயின் கண், மகரந்தம் அப்பிய தேனீயின் கால், சிறகெங்கும் பனித்துளி கோத்த ஒரு தும்பி. அந்தத் தும்பியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அழகென்றால் அப்படியோர் அழகு. கீழே சிறு அட்டையில் 'விடியலை வரவேற்கும் தும்பி' என்று எழுதியிருந்தது.

படத்தை எடுத்த இளைஞர் பக்கத்திலேயே நின்றார். பண்பான பிள்ளை. இவ்வளவு கிட்டப் போகும்வரை அது எப்படித் தம்பி பறக்காமல் இருந்தது என்று கேட்டேன்.

"பிறிஜ்ஜுக்குள்ளை பத்து நிமிஷம் வைச்சால் ஆடாது அண்ணை. பிறகு எடுத்து ஒரு குச்சியிலை ஏத்தி, தண்ணியை விசிறி விட்டால் சரி" என்றார்.

இதில் ஒளிப்பதற்கு ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. அவருக்குக் கற்பித்தவரும் அப்படித்தான் செய்வாராம். ஆக, அந்த விடியல் ஒரு சமையலறையில் விடிந்திருக்கிறது. அதை 'வரவேற்ற' தும்பி குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறது.

அந்த இளைஞரோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்த அட்டையோடு. அதைப் போன்ற அட்டைகளை எந்தக் கேள்வியும் இன்றி அச்சுக்கு அனுப்பும் எங்கள் தொழிலோடு.

1990களின் நடுப்பகுதியில் பத்திரிகைக்கு வந்தவன் நான். ஒரு படத்தின் கீழ் எழுதப்படும் ஒற்றை வரி என்ன செய்யும் என்பதை யுத்த காலத்தில் கற்றவன். நிலத்தில் கிடக்கும் ஓர் உடல் யாருடையது என்பதைப் படம் சொல்வதில்லை. பொதுமகனா, போராளியா, பயங்கரவாதியா என்பதைக் கீழே இருக்கும் சொல்தான் சொல்லும். ஒரே படம் இரண்டு பத்திரிகைகளில் இரண்டு வெவ்வேறு மனிதர்களாக வெளிவந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு சொல்லுக்காக இரவு பதினொரு மணிக்கு ஆசிரியபீடத்தில் வாக்குவாதப்பட்டிருக்கிறோம். அதே ஆசிரியபீடங்கள்தான் ஞாயிறு மலரின் இயற்கைப் பக்கம் வந்ததும் நித்திரையாகிவிடுகின்றன. பூச்சிதானே, யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்ற நினைப்பு.

பூச்சியை ஏன் குளிரூட்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. மக்ரோ ஒளிப்படம் என்பது வெறுமனே கிட்டப் போய் எடுப்பதல்ல. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில், ஒரு சென்ரிமீற்றர் நீளமான பூச்சி கமராவின் உணரியிலும் ஒரு சென்ரிமீற்றராகவே விழும். அந்த அளவில், எட்டாம் எண் துவாரத்தில், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். கண் தெளிந்தால் சிறகு மங்கும். ஐந்து மடங்குக்குப் போனால் மில்லிமீற்றரின் சிறு பின்னம்தான் மிஞ்சும். துவாரத்தை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி சிதறிப் படம் முழுவதும் கூர்மை இழக்கும். இதற்கு டிஜிற்றல் காலம் கண்ட தீர்வு, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து, ஐம்பது, சில வேளை நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் அடுக்கி ஒன்றாக்குவது. ஹெலிகன், ஸெரீன் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. அருமையான நுட்பம். ஆனால் அத்தனை படமும் எடுத்து முடியும்வரை பூச்சி அசையக்கூடாது. உயிருள்ள பூச்சி அசையும். இங்கேதான் குளிர்சாதனப் பெட்டி வருகிறது. அதற்கு அடுத்த படியில் பசை வருகிறது. கடைசிப் படியில் கொல்லும் போத்தல்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1665ஆம் ஆண்டில் லண்டனில் ரொபேர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' நூலை வெளியிட்டபோது அதில் எறும்பொன்றின் படமும் இருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வரைவதற்கு அந்த எறும்பு அவரைப் பாடாய்ப்படுத்தியது. காலை மெழுகிலோ பசையிலோ பிடித்து வைத்தால் உடலை முறுக்கிக்கொண்டது. கொன்றால் சின்னஞ்சிறு உடலின் வடிவம் கெட்டது. கடைசியில் அவர் அதைப் பிராந்தியில் போட்டு மயக்கினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த எறும்பு திடீரென எழுந்து ஓடிவிட்டதாம். இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும்? ஹூக்கே தம் நூலில், அந்தப் படத்துக்குரிய பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். முன்னூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவருக்கு இருந்த நேர்மை இன்று ஒரு சிறு அட்டையில் இடம்பெறாமற் போனது எப்படி?

செத்த பூச்சியைப் படமெடுப்பது தவறென்று நான் சொல்வதாக யாரும் திரிக்கவேண்டாம். லெவன் பிஸ் என்ற பிரித்தானிய ஒளிப்படக்காரர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ள பூச்சி மாதிரிகளை எடுத்த படங்கள் 2016இல் அங்கேயே காட்சிக்கு வந்தன. ஒரு பூச்சிக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அடுக்கியிருந்தார். வண்டின் முதுகில் இப்படியும் பள்ளத்தாக்குகள் உண்டா என்று வாய்பிளக்க வைக்கும் படைப்பு. அவை ஊசியில் குத்திய நூதனசாலை மாதிரிகள் என்பதை அவர் மறைக்கவில்லை. அதைச் சொன்னதால் படத்தின் பெருமை ஒரு துளியும் குறையவுமில்லை.

இன்னொரு சான்று. 2010இல் பிரித்தானியாவில் அறிவியல் ஒளிப்படப் போட்டியொன்றில் பரிசு பெற்ற படம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் எடுத்தது. கண்ணாடி போன்ற வழுவழுப்பான தளத்தில் தலைகீழாகத் தொங்கும் எறும்பொன்று, தன் எடையைப்போல் நூறு மடங்கான 500 மில்லிகிராம் எடையைத் தாடையில் கவ்விப் பிடித்திருக்கிறது. நம் மாமரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டி, மாங்காய் பறிக்கப் போனவனை ஓட ஓட விரட்டும் முசிறுதான் அது. ஆய்வுகூடத்தில், ஆய்வுக்காக, மனிதர் கொடுத்த எடை என்று படத்தோடு சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் அதிசயம் அதிசயமாகவே இருக்கிறது.

எதிர்வாதங்களை அறிவேன். கல்யாண வீட்டுப் படத்தில் மாப்பிள்ளையை நிமிர்ந்து நில் என்பதில்லையா, அதுவும் சோடனைதானே என்பார்கள். கல்யாணப் படம் தான் சோடனை என்பதை மறைப்பதில்லை. இயற்கைப் படமோ, இது என் கண்முன் தானாக நிகழ்ந்தது என்று பார்ப்பவனிடம் சத்தியம் செய்கிறது. நுளம்பை அடித்துக் கொல்கிறாயே, தும்பிக்கு மட்டும் என்ன கண்ணீர் என்று கேட்பார்கள். கருணையை வைத்து நான் வழக்காட வரவில்லை. பூச்சிக்கு வலிக்குமா என்பது ஆராய்ச்சியாளர் ஆராயட்டும். விலங்குகளின் உணர்வை ஏற்று 2022இல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டம்கூட நண்டையும் கணவாயையும் சேர்த்துக்கொண்டு பூச்சியை வெளியே விட்டுவிட்டது. நான் பேசுவது வாசகனைப் பற்றி. அவனுக்கு வலிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெரிய விலங்கென்றால் உலகம் கேள்வி கேட்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் வனவிலங்கு ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற படம், படலையைத் தாண்டிப் பாயும் ஓநாய். அது பழக்கிய ஓநாயாகவே இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற படம் பிரேசில் நாட்டின் எமாஸ் பூங்காவில் எடுக்கப்பட்டது. இரவில் ஒளிரும் கறையான் புற்றை ஓர் எறும்புதின்னி நெருங்குகிறது. அந்த எறும்புதின்னி பூங்கா வாசலில் வைத்திருந்த பாடம்பண்ணிய விலங்கு என்று நிபுணர்கள் கண்டார்கள். 2018 ஏப்ரலில் அதுவும் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவருமே குற்றச்சாட்டை மறுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும்.

இரண்டாவது படத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் புற்றில் ஒளிர்ந்தவை ஒருவகை வண்டின் குடம்பிகள். இரையைக் கவர்வதற்காக இரவில் பச்சை வெளிச்சம் காட்டுபவை. புற்று முழுவதும் விளக்கேற்றிய கோபுரம்போல் இருக்கும். அது உண்மை, அதுவே போதுமான அதிசயம். பூச்சி மட்டும் போதாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இப்போது குளிர்சாதனப் பெட்டியும் தேவையில்லை. கணினியிடம் கேட்டால் 'செயற்கை நுண்ணறிவு' எறும்பைச் செய்து தருகிறது. அண்மையில் ஒரு பக்கத்தில் எட்டுக் கால் எறும்பொன்றைக் கண்டேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாயும் சிலந்தியைப் பூச்சி என்று ஆண்டுக்கணக்காக அச்சிட்டு வந்த தொழிலுக்குக் கால்களின் கணக்கு பெரிய விடயமாகத் தோன்றாதுதான்.

குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலையை இயற்கை இலவசமாகவே செய்கிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பூச்சியின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் சூரியன் ஏறுமுன் வயற்கரைக்குப் போய்ப் பாருங்கள். புல் நுனிகளில் தும்பிகள் உண்மையான பனித்துளிகளோடு விறைத்திருக்கும். பெரிய தும்பிகள் சில, பறக்கமுன் சிறகை நடுக்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும். அந்த நடுக்கம் தொடங்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. விலை உயர்ந்த வில்லையும் வேண்டியதில்லை. பழைய ஐம்பது மில்லிமீற்றர் வில்லையைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட ஒரு வளையம், பிளாஷின் முன்னால் ஒரு துண்டு வெள்ளைக் கடதாசி. குவியத்தை வில்லையில் தேடவேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே ஒரு நூல் முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். பத்தில் ஒன்பது படம் பழுதாகும். ஐந்து மணிக்கு எழும்பவேண்டும், முழங்கால் சேறாகவேண்டும். வீட்டுச் சமையலறை இதைவிட வசதிதான்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு, நான் பொறுப்பாக இருந்த வார இதழ்ப் பக்கமொன்றில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று ஒரு பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் எறும்பின் படத்தை அரைப்பக்க அளவில் போட்டோம். மின்னஞ்சலில் வந்த படம். எப்படி எடுத்தது என்று நான் கேட்கவில்லை. 'உழைப்பின் உருவம்' என்று தலைப்பிட்டு, அதன் கீழ் நான்கு வரிகள் எழுதியதும் நானேதான். அந்த வரிகளில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த வாரம் வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. முத்தான கையெழுத்து. எறும்பு பாரத்தைத் தாடையால் கவ்வித் தூக்குமேயன்றி முன்னங்கால்களால் ஏந்தாது. படத்திலுள்ள எறும்பின் உணர்கொம்புகள் காய்ந்த நார்போல் தலையோடு ஒட்டிக் கிடக்கின்றன. நடுக்கால்கள் வயிற்றோடு மடங்கியிருப்பது செத்த எறும்பின் அடையாளம். பின்னால் மங்கலாகத் தெரியும் கோடு கம்பியாக இருக்கலாம். இவ்வளவையும் எழுதிவிட்டு, தம் பேத்தி அந்தப் படத்தை வெட்டிப் பாடசாலைக் கொப்பியில் ஒட்டிவிட்டாள் என்றும், அதைக் கிழிக்கச் சொல்லத் தமக்கு மனம் வரவில்லை என்றும் முடித்திருந்தார்.

படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருந்தது. திருத்தம் ஒன்றை எழுதி மேலே அனுப்பினேன். ஓர் எறும்புக்காகவா திருத்தம் போடுவது என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் வற்புறுத்தவில்லை. அந்த ஆசிரியருக்குப் பதில் எழுதவும் இல்லை. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று அச்சேறாததை இங்கே பதிகிறேன்.

திருத்தம்: 2013ஆம் ஆண்டு 'உழைப்பின் உருவம்' என்ற தலைப்பில் வெளியான படத்தில் இருந்த எறும்பு உயிருடன் இருக்கவில்லை. பழத்தை அது தூக்கவும் இல்லை. படத்தின் கீழிருந்த நான்கு வரிகளையும் விசாரிக்காமல் எழுதியவன் நான்.