எத்தனை வாட் என்று மட்டும் கேட்காதீர்கள்!

ஒலிபெருக்கி வாங்கக் கடைக்குச் செல்கிறோம். முதலில் என்ன கேட்கிறோம்? "இது எத்தனை வாட்?" என்றுதான். எண் பெரியதாக இருந்தால் மகிழ்கிறோம். சிறியதாக இருந்தால் முகம் சுளிக்கிறோம். இது பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. மறுபாதியைக் கேட்காததால் பணமும் போகிறது, காதும் கெடுகிறது.

நாஞ்சில் நாட்டில் 1970களில் சிறுவனாக இருந்த எவருக்கும் கோவில் கொடையும் மைக் செட்டும் நினைவிருக்கும். பந்தலின் மூலையில் ஒரு பெட்டி. அதற்குள் நான்கைந்து கண்ணாடி வால்வுகள் செந்தணலாய் ஒளிரும். தென்னை மரத்தின் உச்சியில் ஓர் அலுமினியக் குழாய். பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். "இந்தப் பெட்டிக்கு அத்தனை சக்தியா?" என்று ஒருநாள் மைக் செட் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, குழாய் நல்லதா இருந்தா ஆம்ப்ளி சின்னது போரும்" என்றார். அந்த ஒரு வரியில் இருந்த அறிவியல் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

ஒலிபெருக்கிக்கு 1 வாட் மின்திறன் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்று அளக்கிறார்கள். இதுவே அதன் உணர்திறன். வீட்டில் வைக்கும் சிறிய பெட்டி ஒலிபெருக்கிக்கு இது சுமார் 85 டெசிபல். குழாய் ஒலிபெருக்கிக்குச் சுமார் 105 டெசிபல். வித்தியாசம் வெறும் 20தானே என்று எண்ணிவிடாதீர்கள்! டெசிபல் கணக்கில் திறனை இரு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும்; பத்து மடங்காக்கினால் 10 கூடும். எனவே 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. குழாய்க்குக் கொடுத்த 1 வாட், அந்தச் சிறிய பெட்டிக்குக் கொடுத்த 100 வாட்டுக்குச் சமம்!

இது எப்படி நிகழ்கிறது? தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது கைகளை வாயருகே குவித்துக்கொள்கிறோம் அல்லவா? அதே தந்திரம்தான். ஒலிபெருக்கியின் கூம்பு கனமானது; காற்றோ மிக இலேசானது. கனமான கூம்பு இலேசான காற்றை நேரடியாகத் தள்ளும்போது, அதன் உழைப்பில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. சாதாரண ஒலிபெருக்கி தான் பெறும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் ஒலியாக மாற்றுகிறது, மற்றதெல்லாம் வெப்பம். சிறிய வாயில் தொடங்கிச் சிறிது சிறிதாக அகலும் குழாய், கூம்புக்கும் காற்றுக்கும் இடையே தரகராக நிற்கிறது. அத்துடன் ஒலியை நாற்புறமும் சிதறவிடாமல் ஒரு பக்கமாகச் செலுத்துகிறது.

வால்வுப் பெருக்கியின் உள்ளேயும் இப்படி ஒரு தரகர் உண்டு. இ.எல்.84 என்ற வால்வு தனியாக வேலை செய்தால் சுமார் 5 வாட் தரும். அதற்கு ஏறத்தாழ 5,000 ஓம் மின்மறிப்புள்ள சுமை வேண்டும். ஒலிபெருக்கிக்கோ 8 ஓம்தான். இவ்விரண்டையும் இணைப்பது வெளியீட்டு மின்மாற்றி. அதன் சுற்று விகிதம் என்ன? 5,000ஐ 8ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. அதாவது முதற்சுருளில் 25 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் 1 சுற்று. பத்தாம் வகுப்புக் கணக்கு ஒரு பாட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்!

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்று மின்முனை வால்வை உருவாக்கினார். ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925இல் இன்றைய கூம்பு ஒலிபெருக்கிக்கு வடிவம் தந்தார்கள். அக்காலத்தில் ஒவ்வொரு வாட்டும் விலை உயர்ந்தது. ஆகவே சில வாட்களைக் கொண்டே ஒரு திரையரங்கை நிரப்பப் பெரிய பெரிய குழாய்களைச் செய்தார்கள். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் வீட்டு அறையின் மூலைச் சுவர்களையே குழாயின் நீட்சியாக்கிவிட்டார்! பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வாட் மலிவாயிற்று. பெட்டி சிறியதாக வேண்டும், கனத்த ஓசையும் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். இவ்விரண்டும் வேண்டுமென்றால் உணர்திறனை இழக்கத்தான் வேண்டும். இயற்கையிடம் மூன்றையும் சேர்த்துக் கேட்க முடியாது.

வால்வுதான் உயர்ந்தது, டிரான்சிஸ்டர் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. மரத்தில் கட்டிய குழாய்க்கும் குறை உண்டு. பேச்சு தெளிவாகக் கேட்கும். தவிலின் கனத்த ஓசை காணாமற்போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதை அவ்வளவு சிறிய குழாய் எப்படித் தாங்கும்? நான் சொல்வதெல்லாம் பொருத்தம் பாருங்கள் என்பதுதான். 5 வாட் வால்வுப் பெருக்கியை 85 டெசிபல் பெட்டியுடன் இணைத்துவிட்டு, "வால்வு பயனற்றது" என்று பழிப்பது நியாயமன்று. அதையே 95 டெசிபலுக்கு மேல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கியுடன் இணையுங்கள்; வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம்.

ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெருக்கிக்குள் 250 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தெரிந்த பெரியவர் துணையின்றித் திறக்காதீர்கள். ஒலிபெருக்கியை இணைக்காமல் அதை இயக்கவும் கூடாது. வெளியீட்டு மின்மாற்றி பழுதாகிவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். குழாய்க்கு 10 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 115 டெசிபல். 64 மீட்டர் என்பது ஆறு முறை இரட்டித்த தொலைவு. 36 டெசிபலைக் கழித்தால் மிச்சம் 79. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குழாயின் எதிரே 64 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தையோ நோயாளியோ தேர்வுக்குப் படிக்கும் மாணவனோ இருந்தால்? வெறும் 10 வாட்டே அங்கு எல்லையைத் தாண்டிவிட்டது. அப்படியிருக்க, ஆயிரம் வாட் பெட்டிகளைச் சுவர்போல் அடுக்குவது எதற்கு? வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரமே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கெட்டுப்போன உட்செவி நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

கொடைக்கும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் நாளை மைக் செட் ஏற்பாடு செய்யப் போகிறவர்கள் நீங்கள்தான். அப்போது "எத்தனை வாட்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல்? எத்தனை ஓம்? கேட்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?" என்றும் கேளுங்கள். கேட்க வேண்டியவருக்குத் தெளிவாகக் கேட்டால் போதும். உறங்குகிறவரை எழுப்ப வேண்டியதில்லை.