வண்ண மீன் வியாபாரத்தில் மும்முனைப் போட்டி! செத்த மீன் யார் கணக்கில்?

மண்ணூர்பேட்டை,-

ஒரு பக்கம் கொளத்தூர் மொத்த வியாபாரி. மறு பக்கம் செல்போனில் மீன் விற்பவர். நடுவில் தெருமுனை மீன் கடைக்காரர்! மூவருக்கும் வாடிக்கையாளர் ஒருவரே. ஆனாலும் மூவரும் பிழைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இது எப்படி முடிகிறது? எத்தனை நாளைக்கு முடியும்?

கூப்பிடு தூரத்தில் கொளத்தூர்

சென்னையில் ஒரு காலத்தில் வளர்ப்புப் பிராணி என்றால் மூர் மார்க்கெட். 1985-ல் அது தீக்கிரையானது. இன்று வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான்.

வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பெயர் வாங்கிய ஊர் அது. கப்பி, மோலி, தங்க மீன், பைட்டர் எல்லாம் உள்ளூர் சரக்கு. மனை விலை ஏறவே பண்ணைகள் பல செங்குன்றம், பொன்னேரி பக்கம் போய்விட்டன. வியாபாரம் கொளத்தூரிலேயே நின்றது.

மண்ணூர்பேட்டையில் இருந்து பாடி வழியாக ஸ்கூட்டரில் போனால் அரை மணிக்குள் கொளத்தூர். இதுதான் இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தலைவலி. மதுரையிலோ சேலத்திலோ கடை வைத்தவருக்கு கொளத்தூர் சரக்கு வரும் இடம் மட்டுமே. அம்பத்தூர், பாடி, கொரட்டூர் கடைக்காரருக்கோ அதுவே போட்டிக் கடையும் கூட!

லாபம் மீனில் இல்லை

மீன் கடையில் லாபம் மீனில் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மீன் ஆளை உள்ளே அழைத்து வரும். கல்லாவை நிரப்புவது கண்ணாடித் தொட்டி, காற்று மோட்டார், பில்டர், தீனி, மருந்து ஆகியவையே.

அந்த இடத்தில்தான் இப்போது அடி விழுந்திருக்கிறது. மோட்டாரும் தீனியும் கெட்டுப் போகிற பொருள் அல்ல. பெரிய ஆன்லைன் கம்பெனிகள் அவற்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கின்றன. வாடிக்கையாளர் கடையில் நின்றுகொண்டே செல்போனில் விலை பார்க்கிறார். "அங்க கம்மியா இருக்கேண்ணே" என்கிறார்.

இன்னொரு வகை ஆன்லைன்காரரும் உண்டு. இவருக்குக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. மாடியில் நாலு தொட்டி, கையில் ஒரு போன். வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவார். அபூர்வ நிறத்து பைட்டர் ஜோடியை வெளியூருக்கு பஸ் பார்சலில் அனுப்புவார். பேஸ்புக் விதிப்படி உயிருள்ள பிராணிகளை அதில் விற்கக் கூடாது. ஆனாலும் வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது.

இவர்களில் சிலர் தாங்களே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். மற்றவர்கள் மொத்தக் கடையில் வாங்கி விற்கிறார்கள். ஆக, கடைக்காரரும் ஆன்லைன்காரரும் ஒரே வாசலில் சரக்கு எடுப்பது உண்டு. மொத்த வியாபாரிக்கு இரண்டு பேருமே வாடிக்கை. அதனால் அவர் யாரையும் பகைப்பதில்லை.

யார் தலையில் நஷ்டம்?

இந்த வியாபாரத்தில் உண்மையான சண்டை விலையைப் பற்றியது அல்ல. சாவைப் பற்றியது!

மீனை அனுப்புமுன் ஒரு நாள் பட்டினி போடுவார்கள். வயிற்றில் தீனி இருந்தால் பைத் தண்ணீர் கெடும். பிறகு பிளாஸ்டிக் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்து தெர்மாகோல் பெட்டியில் வைப்பார்கள். இவ்வளவு செய்தும் வெயிலில் வண்டி தாமதமானால் சில மீன் மிதக்கும்.

கணக்குக்கு வைத்துக் கொள்வோம். கடைக்காரர் ரூ.10 வீதம் 100 மீன் எடுக்கிறார். கொடுத்தது ரூ.1,000. அதில் 20 செத்தால் மிச்சம் 80. ஒரு மீனின் அடக்கவிலை ரூ.12.50 ஆகிவிடுகிறது. இதற்கு மேல் வாடகை. ராத்திரி பகலாக ஓடும் மோட்டாருக்கு கரண்டு பில்.

மொத்த வியாபாரிக்கோ பை கை மாறினால் கணக்கு தீர்ந்தது. ஆன்லைன்காரர், "பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பணும்" என்று நிபந்தனை போடுவார். தெருக்கடைக்காரர் என்ன நிபந்தனை போட முடியும்? மறுநாள் காலையில் அடுத்த தெரு ஆள் பையோடு வந்து, "அண்ணே, நேத்து வாங்கினது, செத்துப் போச்சு" என்றால் மாற்றிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பல நேரம் தப்பு மீனில் இருக்காது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனுக்கு விஷம். புதுத் தொட்டியில் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா உண்டாகப் பல வாரம் ஆகும். அதற்குள் ஆசைக்கு இருபது மீனை விட்டால் சாகாமல் என்ன செய்யும்? இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர் கடைக்காரர்தான். அதற்கு பில் கிடையாது.

சட்டமும் சலுகையும்

2017 மே மாதம் மீன் தொட்டிக் கடைகளுக்கு மத்திய அரசு கடுமையான விதி கொண்டு வந்தது. கடையைப் பதிவு செய்ய வேண்டும், கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. வியாபாரிகள் கொதித்தார்கள். அதே ஆண்டில் விதி வாபஸ் ஆனது.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்க ரூ.3 லட்சம் மதிப்பீட்டில் மானியம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம்; பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். வில்லிவாக்கத்தில் வண்ண மீன் வர்த்தக மையம் அமைக்கும் திட்டத்தையும் மாநில அரசு சி.எம்.டி.ஏ. மூலம் எடுத்தது.

நல்ல காரியங்கள்தான். ஆனால் வீட்டில் மீன் வளர்ப்பவர் பெருகினால், போனில் விற்பவரும் பெருகுவார். பக்கத்திலேயே பெரிய சந்தை வந்தால், தெருக்கடைக்கு நெருக்கடி கூடும்.

எல்லைக்கோடு எது?

மூவரும் சேர்ந்து பிழைக்க ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு. கடைக்காரருக்கு ஒரு விலை, தனி ஆளுக்கு ஒரு விலை என்பதே அது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்து, ஒரு ஜோடி வாங்க வந்தவருக்கும் மொத்த விலையிலேயே கொடுத்தால் அது உடைகிறது. இதில் நஷ்டம் மொத்த வியாபாரிக்கும்தான். ஞாயிறு கூட்டம் அபூர்வத்தைத் தேடும். வாரம் முழுக்க சாதாரண மோலியையும் கப்பியையும் நூறு நூறாக எடுப்பது தெருக்கடைகள்தான்.

வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. விவரம் தெரிந்தவர் கொளத்தூர் போகலாம். அபூர்வ ரகம் தேடுபவர் போனில் வாங்கலாம். முதல் தொட்டி வைப்பவருக்குப் பக்கத்துக் கடையே பாதுகாப்பு.

மோட்டாரைப் போனில் வாங்கிவிட்டு, மீனுக்குச் சீக்கு வந்தால் மட்டும் தெருக்கடையைத் தேடினால், ஒரு நாள் அங்கே ஷட்டர்தான் மூடியிருக்கும்!