தடைதான் தாயோ?

மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையிலே பொறிகள் சுழல்கின்றன. அவற்றின் ஓசை கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டும் நாம், "அறிவியலைப் பெற்றெடுத்ததே மதந்தான்" என்று சிலர் சாதிக்கும்போது வாளாவிருத்தல் முறையோ?

அவர்கள் சான்றுக்கு அழைப்பது பியர் துயெமை. 1861இல் பிறந்து 1916இல் மறைந்த பிரெஞ்சு இயற்பியலறிஞர், பழுத்த கத்தோலிக்கர். பழைய ஏடுகளைத் துருவி, கலீலியோவுக்கு முன்பே பாரிசுப் பல்கலைக்கழகத்தில் புதுச்சிந்தனை முளைத்திருந்ததைக் காட்டினார். எறிந்த கல்லைக் காற்றே தள்ளிச் செல்கிறது என்றார் அரிஸ்டாட்டில். அன்று, எறிந்த கை ஊட்டிய உந்தாற்றலே செலுத்துகிறது என்றார் 14ஆம் நூற்றாண்டின் பூரிதான். இதனை நாம் மறைக்கவில்லை. துயெமின் உழைப்பைப் போற்றுகிறோம்.

ஆனால், அவர் அத்துடன் நின்றாரில்லை. 1277இல் பாரிசு ஆயர் தாம்பியே 219 கருத்துக்களைத் தடைசெய்தார். கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்பதும் அவற்றுள் ஒன்று. அத்தடை அரிஸ்டாட்டிலின் பிடியைத் தளர்த்திற்றாம். ஆகவே அதுவே புதிய அறிவியலின் பிறந்தநாளாம்! ஒரு விலங்கைக் கழற்றி மறுவிலங்கு பூட்டியவன் விடுதலை வீரனா?

தோழர்களே, ஒரேம் என்ற அறிஞரின் கதையைக் கேளுங்கள். பூமி சுழலக்கூடும் என்பதற்கு 1377இல் அடுக்கடுக்காகக் காரணங்கள் காட்டினார். முடிவிலோ, விவிலியத்தின் முன் தலைதாழ்த்தி, பூமி அசையாது என்றே உரைத்துவிட்டார். பகுத்தறிவு சுழற்றிய பூமியைப் பக்தி பிடித்து நிறுத்திற்று! 1616இல் கோப்பர்நிக்கசின் நூலுக்குத் தடை. 1633இல் கலீலியோவுக்குத் தண்டனை. பெற்றவள் பிள்ளையின் கழுத்தை நெரிப்பாளோ?

நம் புதுவையையே பாருங்கள். 1689இல் ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி இங்கிருந்து வானை ஆய்ந்து, ஆல்பா செண்டாரி ஒற்றை விண்மீனன்று, இரட்டை என்று கண்டார். காட்டியது செபமாலையா, தொலைநோக்கியா? அங்கி அணிந்தவர் கண்டதை அங்கியே கண்டதென்பதா?

புராணத்திலே விமானம் பறந்தது என்போரும் இதே வழக்கைத்தான் பேசுகின்றனர். துயெமாவது ஏடு புரட்டிச் சான்று தந்தார். இவர்களிடம் அதுவும் இல்லை.

எனவே, வகுப்பறையில் "ஏன்?" என்று உயரும் சிறு கையைத் தாழ்த்தாதிருப்போம். சொன்னவர் யாரென்று பார்த்து வணங்கவன்று, எப்படி அறிந்தாரென்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். அறிவியலைப் பெற்ற தாய் அந்தக் கேள்வியே; தடையன்று!